டீ செட்டை யார் செய்தது?

பீங்கான் பட்டறையில் டிசைன் ரூம் வேலை என்றால், நிழலில் உட்கார்ந்து படம் போடுகிற சொகுசு என்று ஊரில் நினைப்பார்கள். அப்படி ஒரு ரூமில் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தவர் யாராவது இதைப் படித்தால், என் கஷ்டம் அவருக்குப் புரியும்.

கம்பி

எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் ஒரு தனியார் பட்டறை. நான் பெண்ணாடத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தற்காலிக ஆள். வேலை நிரந்தரமானால்தான் நிச்சயதார்த்தம் என்று பெண் வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

சேர்ந்த அன்றே மேனேஜர் உள்ளே வந்தார். மேஜையில் ஈரமாக இருந்த ஊறுகாய் ஜாடி மாதிரியை, களிமண் அறுக்கும் கம்பியால் இரண்டாகப் பிளந்தார். ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெலிசு. "யாருய்யா செஞ்சது?" என்றார். ஒருவர் "நான்தாங்க" என்றார். மத்தியானம் அந்த ஆளை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள், வைக்கோல் திணித்துக்கொண்டிருந்தார். அச்சு எடுக்கும் அந்தோணி காதோரம் சொன்னான்: "இங்க எதுக்கும் நான்தான்னு மட்டும் சொல்லிடாதப்பா."

வெள்ளைத்தாள்

மதராஸ் ஓட்டல் ஒன்றுக்குப் புது மாதிரி டீ செட் வேண்டுமாம். ஆளுக்கொரு யோசனையோடு வரச் சொன்னார் மேனேஜர். நான் போட்ட படம் சாப்பாட்டுப் பையிலேயே இருந்தது. எடுக்கத் தைரியம் வரவில்லை. வெறும் தாளை நீட்டினேன். அந்தோணியும் அப்படியே, பூ வரையும் மங்கை அக்காவும் அப்படியே. மூவருமே படத்தை ஒளித்து வைத்திருந்தோம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. மேனேஜர் கத்தவில்லை, அதுதான் இன்னும் பயம். தாள்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "திங்கக்கெழம மொதலாளி வராரு. ஒண்ணும் இல்லன்னா ஒருத்தர் வூட்டுக்குப் போயிடலாம்."

கெடுக்கிற வேலை

மங்கை அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். டீ பாட்டின் உடம்பு நான், மூக்கு அந்தோணி, கைப்பிடி அவர். பிறகு இடம் மாறி உட்கார்ந்து, அடுத்தவர் செய்ததில் ஏதாவது மாற்றியே ஆகவேண்டும். நான் செய்த பாட்டின் குண்டு வயிற்றை அந்தோணி அமுக்கிச் சரித்தபோது கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் மூக்கை நான் சும்மா விடவில்லை. மண் கொஞ்சம் இறுகியதும் பிடித்துப் பார்த்தோம். கைக்கு அவ்வளவு வாகாக இருந்தது. மூவரும் சிரித்துவிட்டு, உடனே பயந்து வாசலைப் பார்த்தோம். அக்கா மெதுவாகச் சொன்னார்: "என்னுத நீங்க கெடுங்க, உங்களுத நான் கெடுக்கறேன். அப்புறம் யாரை அனுப்புவாரு?"

முதலாளி

திங்கட்கிழமை மேனேஜர் டீ பாட்டைப் பிளந்தார். சுவர் எங்கும் சீராக இருந்தது. முதலாளி ஒரு பாதியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாருக்குதே. செஞ்ச ஆளுக்கு வேலைய நெரந்தரம் பண்ணிடலாம். யாரு?"

நான் என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் கல்யாணம். ஆனால் அடுத்த செட்டைத் தனியாக அல்லவா செய்யவேண்டும்? "தெரியாதுங்க" என்றேன். ஏற்கெனவே நிரந்தரமாகிவிட்ட மற்ற இருவரும் அதையே சொன்னார்கள். மேனேஜர் பல்லைக் கடித்தார். முதலாளி என்னைக் காட்டி அவரிடம் சொன்னார்: "இவரையும் நெரந்தரம் பண்ணிடுய்யா. இது மூணு பேரு கையும் சேந்தது. ஒருத்தர அனுப்பினா எந்தக் கை போச்சுன்னு நமக்கே தெரியாது."

கூடிச் சிந்திப்பது என்று பெரியவர்கள் எதைச் சொல்கிறார்களோ தெரியாது; எங்கள் மூவரையும் கடைசிவரை சேர்த்து வைத்தது தனியாக மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் ஒன்றுதான்.