கை தூக்கினா சட்டம்

எங்க மலையில சட்டம்னா கை தூக்குறதுதான். ஊர்க்கூட்டத்துல ஆம்பளைங்க வலது கையத் தூக்கிட்டாங்கன்னா, கூட்டம் கலையறதுக்கு முன்னாடியே அது நடப்புக்கு வந்துடும். எழுதி வெக்கிறது, நாளைக்குப் பாக்கலாம்ங்கிறது எல்லாம் எங்ககிட்ட கிடையாது. அப்படி ஒரு ஊர்ல பொறந்து வளந்தவன் நான். அதனாலதான் ஒருத்தர் தாடைய ஒடைச்சேன். இத நியாயம்னு சொல்ல வரல, நடந்ததச் சொல்றேன்.

எழுபதுகள்ல ஒரு பங்குனி மாசம். புளி உலுக்கி, ஓடு தட்டி, கூடையில அமுக்கி வெச்சிருந்தோம். சாமான் விலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கினே இருந்த காலம் அது. நாங்க தலையில சொமந்துனு போய்ப் போடற புளிக்கு மட்டும் அதே பழைய விலை. திருப்பி வாங்குற உப்பும் கிருஷ்ணாயிலும் கைக்கு எட்டல. எங்க வூட்ல உப்பில்லாத சாமைக் கூழு குடிச்சிக்கினு இருந்தோம். வாயில வெச்சா எரிச்சல்தான் வரும், வயிறு ரொம்பாது.

அப்ப நான் அமிர்தியில காட்டு வேலைக்குக் கூலியா போய்க்கினு இருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் டீக்கடை ரேடியோவுல செய்தி படிச்சாங்க. விலைவாசியக் கட்டுப்படுத்துற மசோதா மேல சட்டசபையில ஓட்டெடுப்பு நடந்துச்சாம். ஆதரவா நெறைய பேரு, எதிரா கொஞ்சம் பேரு, மசோதா நிறைவேறிடுச்சாம். இனிமே எந்த வியாபாரியும் போன வருஷத்து விலைக்கு மேல விக்கக் கூடாதாம், சரக்கப் பதுக்கக் கூடாதாம். நான் டீய அப்படியே வெச்சிட்டு எழுந்துட்டேன்.

டீக்கடைக்காரர் நாலும் தெரிஞ்சவர். "இன்னாத்துக்குய்யா குதிக்கிற? அது இன்னும் மேல போவணும், கையெழுத்தாவணும். அப்புறம்தான் சட்டம்"னார்.

"கையே தூக்கியாச்சி, அப்புறம் இன்னாங்க கையெழுத்து?"ன்னு கேட்டேன். அவர் சிரிச்சிக்கினே கிளாஸ் கழுவப் போய்ட்டார்.

ஊருக்கு ஏறி வந்து வூடு வூடா சொன்னேன். டீக்கடைக்காரர் சொன்னத மட்டும் சொல்லல. மறந்து போய் இல்ல. அதச் சொன்னா ஒருத்தனும் கெளம்ப மாட்டான்னு தெரிஞ்சிதான் முழுங்கினேன். எங்க அண்ணன் ஒருத்தன்தான் "நல்லாக் கேட்டியாடா?"ன்னான். என்னவிட ஆறு வயசு பெரியவன், அதிர்ந்து பேசத் தெரியாதவன். "எனக்கு இன்னா, காது செவிடா?"ன்னு மொறைச்சேன். அதுக்கு மேல அவன் கேக்கல. மறுநாள் விடிஞ்சதும் எல்லாருக்கும் முன்னாடி கூடையத் தூக்கினவன் அவன்தான்.

ஒடுகத்தூர் சந்தைக்கு இருபது பேர் எறங்கினோம். வழக்கமா புளி போடற மண்டிக்கே போனோம். அண்ணன் கூடைய எறக்கி வெச்சிட்டு, துண்ட அவுத்துக் கையில வெச்சிக்கினு, "போன வருஷத்து விலைக்கு உப்பும் கிருஷ்ணாயிலும் குடுங்க, சட்டம் வந்துடுச்சிங்க"ன்னான்.

மண்டிக்காரர் சிரிச்சார். "சட்டமா? எந்த ஊர்ல? எனக்குக் காகிதம் ஒண்ணும் வர்லியே." அதோட வுட்டிருந்தா தப்பு எங்க பேர்லதான். ஆனா அந்த ஆளுக்கு வாய்க்கொழுப்பு. "காட்டுல திரியறவனுங்க எனக்குச் சட்டம் சொல்ல வந்துட்டானுங்க"ன்னு கூடைய எட்டி ஒதைச்சார். ஒரு மாச ஒழைப்பு, அத்தினியும் சாக்கடையில போய் வியுந்திச்சி. அண்ணன் குனிஞ்சி அள்ளினான். அள்ளுன கை மேல செருப்புக் காலை வெச்சி மிதிச்சார்.

எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. தராசுல இருந்த ரெண்டு கிலோ எடைக்கல்ல எடுத்து அவர் மூஞ்சியில அடிச்சேன். தாடை ஒடையற சத்தம் காதுல நல்லா கேட்டுச்சி. ரத்தமும் பல்லுமா புளி மேல துப்பினார். மறுபடியும் அடிச்சேன். மொத அடி கோவத்துல அடிச்சது. ரெண்டாவது, மொத அடி மனசுக்கு நல்லா இருந்ததால அடிச்சது. இத இது வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.

மூட்டை தூக்குறவங்க கொக்கியோட ஓடியாந்தாங்க. எங்க ஆளு ஒருத்தனுக்குத் தோள்லருந்து இடுப்பு வரைக்கும் முதுகு கிழிஞ்சி, சதை தொங்கிச்சி. நாங்களும் சும்மா இல்ல. கையில கெடைச்சதெல்லாம் வீசினோம். கிருஷ்ணாயில் பீப்பா உருண்டு, எந்த உப்புக்காகப் போனோமோ அந்த உப்பு மூட்டை மேலயே ஊத்திச்சி. வெறுங்கையோட, ரத்தத்தோட மலைக்கு ஓடி வந்தோம்.

மூணாம் நாள் கீழேருந்து போலீஸ் ஏறி வந்துச்சி. ஊரே சேர்ந்து என்ன மேல ஒரு பாறை இடுக்குல ஒளிச்சி வெச்சிட்டாங்க. அங்கருந்து பாத்தா ஊரு முழுக்கத் தெரியும். ஆம்பளைங்கள எல்லாம் வரிசையா முட்டி போட வெச்சி, "கல்லால அடிச்சவன் எவன்டா?"ன்னு ஒவ்வொருத்தனையா அடிச்சாங்க. ஒருத்தனும் வாயத் தொறக்கல. அண்ணன் முறை வந்தப்போ அவன் வலது கையப் பிடிச்சி உரல் மேல நீட்டி வெச்சி, முழங்கைக்கு மேல ஒரே எடத்துல லத்தியால அடிச்சாங்க. எலும்பு போற வரைக்கும் அடிச்சாங்க. அவன் கத்தினது பாறை வரைக்கும் கேட்டுச்சி. என் பேரு மட்டும் அதுல இல்ல. நான் எறங்கிப் போயிருக்கணும். என்னச் செருப்பால அடிக்கணும், போவல. பாறைய இறுக்கிப் பிடிச்சிக்கினு ஒக்காந்திருந்தேன்.

"நாளைக்குள்ள அவன் வரல, வூட்டுக்கு ஒரு பொம்பளைய ஸ்டேஷனுக்கு இட்டுனு போவோம்"னு சொல்லிட்டு எறங்கினாங்க.

பொழுது சாயறதுக்குள்ள கூட்டம் கூடுச்சி. என்னையும் வரச் சொன்னாங்க. என்னப் போலீஸ்ல ஒப்படைக்கிறதா, வேணாமா? இதான் பேச்சு. ஒருத்தன ஊரு கை வுடணும்னா, அவனோட ரத்தப் பங்காளி மொதல்ல கை தூக்கணும். அவன் தூக்காம மத்தவன் தூக்கக் கூடாது. எனக்கு இருந்த ஒரே பங்காளி எங்க அண்ணன். எலும்பு ஒடையறப்போகூட என்னக் காட்டிக் குடுக்காதவன். எனக்குப் பயமே இல்ல. கால் மேல கால் போடாத கொறைதான்.

கூட்டத்த நடத்துற ஊர்க்கவுண்டர் அவனப் பாத்து, "ஒன் தம்பிப்பா. நீ தூக்கலன்னா அவன் இங்கயே இருக்கட்டும். வர்றத எல்லாரும் சேர்ந்து பாத்துக்கலாம்"னார்.

அண்ணன் என்ன ரொம்ப நேரம் பாத்தான். அப்புறம் கேட்டான்: "டீக்கடையில வேற எதனா சொன்னாங்களாடா?"

ஊர்க்கூட்டத்துல பொய் சொல்றவன் எங்க மலையில கிடையாது. "இன்னும் கையெழுத்தாவணும்னாங்க"ன்னேன்.

முதுகு கிழிஞ்சவன் ஒரு பக்கம் குப்புறப் படுத்திருந்தான். அண்ணன் வலது கையத் தூக்கப் பாத்தான், வரல. எடது கையத் தூக்கினா எங்க கணக்குல சேராது. எடது கையால அந்த ஒடைஞ்ச கையத் தாங்கிப் பிடிச்சி, பல்லக் கடிச்சிக்கினு, தலைக்கு மேல தூக்கினான். ஒதடு கிழிஞ்சி ரத்தம் வந்துச்சி. அதுக்கப்புறம் மத்தவங்க தூக்கினாங்க. கூட்டம் கலையறதுக்கு முன்னாடியே என் கையக் கட்டிட்டாங்க. நான் அவன் மூஞ்சியில காறித் துப்பினேன்.

உள்ள இருந்த ஒன்றரை வருஷமும் அவன எப்படிக் கொல்றதுன்னுதான் யோசிச்சேன். நான் உள்ள இருந்தப்போதான் அந்த மசோதா கையெழுத்தாகி சட்டமா வந்துச்சாம். கடைக்குக் கடை விலைப்பலகை மாட்டினாங்களாம். பலகையில ஒரு விலை, கடைக்காரர் வாயில ஒரு விலைன்னு, பாக்க வந்த என் பொண்டாட்டி சொன்னா.

வெளிய வந்ததும் சண்டை போடத்தான் நேரா ஊருக்கு ஏறினேன். என் கொல்லை நெலத்துல சாமை கதிர் வுட்டு நின்னுச்சி. அண்ணன் ஒத்தைக் கையால உழுது வெதைச்சிருக்கான். வலது கை கோணலா கூடிப் போய், இடுப்புக்கு மேல வரல. அன்னிக்கு அவன் வூட்லதான் சாப்பிட்டேன்.

அதுக்கப்புறம் எத்தனையோ கூட்டம் நடந்துச்சி. கவுண்டர் தூக்குன கைங்கள எண்ணிக்கினே வருவார், அவனத் தாண்டிப் போய்டுவார். ஊர்ல அவன் சொல்லுக்குக் கணக்கே இல்லாமப் போச்சி. ஒரு தடவ எனக்குப் பொறுக்கல. பக்கத்துல ஒக்காந்திருந்த நான், அவன் வலது கையப் பிடிச்சி மேல தூக்கப் போனேன்.

"வுடுறா, வலிக்கிது"ன்னான்.