குழலின் சுவர்

சிவப்புக் கம்பளத்தின் மேல் மூன்று துண்டாகக் கிடந்த அந்தத் துப்பாக்கிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஒட்டிப் பிறந்தவை போல இரண்டு குழல்கள், தோளில் வைக்கும் கட்டை, குழலுக்கு அடியில் மாட்டும் சிறு மரத்துண்டு. அவ்வளவுதான் அதன் பாகங்கள் என்று நினைத்தேன். கட்டைக்குள் இருக்கும் திருகுகளையும் ஸ்பிரிங்குகளையும் எண்ணி எழுதியபோது ஒரு பக்கம் நிறைந்துவிட்டது.

கைப்பேசியில் கேமரா வந்த புதிது அது. ஷார்ஜாவின் ரோலா பகுதியில் மூன்று பெண்களோடு ஓர் அறையில் இருந்தேன். அங்கே தொழிற்பேட்டையில், எண்ணெய்க் குழாய்களின் சுவர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஒலியலைக் கருவியால் அளக்கும் வேலை. சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. எங்கள் சோதனைக்கூடமும் பக்கத்து லேத் பட்டறையும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். அவரை எல்லோரும் அர்பாப் என்போம். பட்டறையின் ஃபோர்மேன் பரமக்குடிப் பக்கத்துக்காரர். வாரம் ஆறு நாள் பம்புத் தண்டு கடைவார். வெள்ளிக்கிழமை அர்பாப் வீட்டுக்குப் போய், உரிமத்தோடு அவர் சேர்த்து வைத்திருந்த பழைய இரட்டைக் குழல் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பார். துப்பாக்கி அறையின் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். மற்றவர்கள் வெள்ளிக்கிழமை தூங்குவார்கள். அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்புவார்.

துருவை எடுப்பார், ஆனால் பளபளப்பாக்க மாட்டார். தேய்த்தால் இரும்பில் செதுக்கிய பூவேலை மழுங்கிவிடும். திருகுகளின் தலையில் உள்ள வெட்டுகள் எல்லாம் ஒரே திசையில் நிற்க வேண்டும். "புதுசா மின்னணும்னா கடையில வாங்கிக்கிறலாமே எஞ்சினியரம்மா. இது பழசு. பழசாவே சௌக்கியமா இருக்கணும்" என்பார்.

கம்பளத்தில் கிடந்தது அர்பாபின் தந்தை வைத்திருந்தது. குழலை மூடியதும் பூட்டிப் பிடிக்கும் ஸ்பிரிங் அதில் உடைந்திருந்தது. அது இல்லாமல் சுட முடியாது. அதே அளவில் ஒன்றை மூன்று வெள்ளிக்கிழமை அரத்தால் ராவிச் செய்து பொருத்தினார். அர்பாப் கேட்டபோது "தமாம்", எல்லாம் சரி என்று சொல்லியும்விட்டார். மகன் கல்யாணத்தில் தந்தையின் துப்பாக்கியால் இரண்டு வெடி போடப்போவதாக அர்பாப் உறவினர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் குழலின் உள்ளே படிந்திருந்த பழைய கசடு பெயர்ந்து, அடியில் குழிகள் தெரிந்தன. அதனால்தான் ஃபோர்மேன் என்னைக் கருவியோடு வரச் சொன்னார்.

குழலில் பன்னிரண்டு இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்து அளந்தேன். ஏழாவதில் எண் சட்டென்று இறங்கியது.

"அண்ணே, இங்க பாருங்க. புள்ளி மூணு மில்லி. மத்த இடத்துல புள்ளி எட்டுக்குக் குறையல."

"மிஷினுக்குப் பேட்டரி இருக்கா?"

"மூணு தடவை வச்சுப் பாத்துட்டேன்."

"சுட்டா?"

"தாங்கலாம். தாங்காமலும் போகலாம். சுடும்போது அவரோட இடது கை இந்த எடத்துலதான் இருக்கும். ரிப்போர்ட் எழுதித் தரேன், காட்டிருவோம்."

"கல்யாண வாரத்துல அர்பாப்கிட்டப் போய், ஒங்க அப்பா துப்பாக்கி ஒதவாதுன்னு சொல்லவா? நல்லா இருக்கும்மா ஒங்க யோசனை." சிரித்தார். பிறகு கட்டையைத் திறந்து, தான் செய்த ஸ்பிரிங்கை மட்டும் வெளியே எடுத்தார். இடுக்கியில் பிடித்து ஒரு முறை வளைத்தார். சுள்ளி முறிவது போல ஒரு சத்தம். அந்தத் துப்பாக்கியில் புதிதாக இருந்தது அது ஒன்றுதான். பழைய பாகம் எதையும் அவர் தொடவில்லை.

அர்பாப் உள்ளே வந்தார்.

"ஸ்பிரிங் டூட் கயா, அர்பாப். மேரா கல்தி." உடைந்துவிட்டது, தப்பு என்னுடையது என்றார் ஃபோர்மேன்.

உடைந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார் அர்பாப். என் பக்கம் திரும்பி, இந்தக் கருவி எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார். பன்னிரண்டு எண்கள் எழுதிய தாள் என் கையில் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், ஸ்பிரிங்கைப் பார்க்க வந்த பெண் என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டார். நான் தாளை மடித்தேன்.

"கலாஸ்", முடிந்தது என்று சொல்லி அர்பாப் கையை நீட்டினார். ஃபோர்மேன் சாவியைக் கழற்றிக் கொடுத்தார்.

கல்யாணத்தில் வேறொரு துப்பாக்கியால் வெடி போட்டார்கள். அதற்குப் பிறகு ஃபோர்மேனும் வெள்ளிக்கிழமைகளில் தூங்கினார். ஆறு மாதம் கழித்து சவூதியில், யான்புவிலுள்ள வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

பிறகு அர்பாப், ஸ்பிரிங் மாற்றுவதற்காகத் துப்பாக்கியை வெளிநாட்டுக்கு அனுப்பினார். குழலின் சுவர் மெலிந்திருக்கிறது, சுடக்கூடாது என்ற கடிதத்தோடு அது திரும்பி வந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து, அன்று நீ அளந்தாயா என்று கேட்டார். கோப்பிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். ஏழாவது எண்ணில் விரலை வைத்தார். பிறகு சிரித்தார். என் தந்தை குழல் தேயும் வரை சுட்டிருக்கிறார் என்று, பெருமையாகவே, அங்கிருந்த எல்லோருக்கும் காட்டினார். ஃபோர்மேனுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அவனைக் கூப்பிடு, நாளைக்கே விசா போடுகிறேன் என்றார்.

யான்புவுக்குப் பேசினேன். விசாவைப் பற்றிச் சொன்னேன்.

"இங்க ரெண்டு வருச காண்ட்ராக்ட்டுல கையெழுத்துப் போட்டாச்சேம்மா."

"அண்ணே, தாள் என் கையிலதான இருந்துச்சு. ஏன் என்னையச் சொல்ல விடல?"

"ஒங்களுக்கு அப்ப புரொபேஷன். எனக்கு ஒரு சாவிதான் போச்சு. ஒங்களுக்கு ஊருக்கு டிக்கெட்டப் போட்டிருப்பாங்க." பிறகு, "ஆகஸ்டு மாசம், ஈரக் காத்தா அடிக்கும். துப்பாக்கிக்கெல்லாம் யாராச்சும் எண்ணெய் போடுறாங்களா?" என்று கேட்டார்.

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

இப்போது என் கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்கள். யாருடைய கருவியில் எண் இறங்கினாலும், அந்தத் தாளை நானே உரியவரிடம் எடுத்துப் போகிறேன். ஃபோர்மேனோடு இன்றும் எப்போதாவது பேசுவதுண்டு. அந்தக் கடிதம் வந்த நாளைப் பற்றி எல்லாம் சொல்லியிருக்கிறேன். அர்பாப் கோபப்படவே இல்லை என்பதை மட்டும் இதுவரை சொல்லவில்லை.