ஆறு நொடிப் பேட்டி

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை டிவியில் வந்திருக்கிறேன். மொத்தம் ஆறு நொடி. அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த ஆறு நொடியை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் காடு. தக்காளி போட்டிருந்தோம். என் மாமா, அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். சென்னையில் ஒரு கிரிக்கெட் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டம் இல்லாத நாளில் வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் தக்காளி தரம் பிரிப்பார். அம்மா குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வீசுவாள். மாமா பத்தடி தள்ளி, ஸ்லிப்பில் நிற்கிறவர் மாதிரி குனிந்து நின்று, பிடித்துப் பிடித்துக் கிரேட்டில் அடுக்குவார். ஒரு பழம் நசுங்காது. நசுங்கினால் அப்பாவிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? அழுகல் மட்டும் விரல் பட்டதுமே அவருக்குத் தெரிந்துவிடும். விரலை விரித்துவிடுவார். கீழே விழுவதைப் பக்கத்தில் கட்டியிருக்கும் ஆடு தின்னும். மாமாவுக்குக் கிடைத்த கோச்சிங் பெரும்பாலும் இதுதான்.

அந்த வருடம் அரையிறுதியின் கடைசி ஓவரில் அவர் ஒரு கேட்சை விட்டுவிட்டார். வெயில் கண்ணில் அடித்தது, பந்து விரல் நுனியில் பட்டுத் துள்ளிப் போனது, அணி தோற்றது. எத்தனையோ பேர் விட்டிருக்கிற கேட்ச்தான். ஆனால் ஒரு செய்திச் சேனலுக்கு அன்று வேறு தீனி கிடைக்கவில்லை போலிருக்கிறது. அந்தக் கேட்சை மெதுவாக ஓட்டினார்கள், திரும்பத் திரும்ப ஓட்டினார்கள், மாமாவின் கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார்கள், பேய்ப்படத்து இசையைப் போட்டார்கள். 'தவறியதா, தவற விட்டாரா?' என்று கீழே எழுத்து ஓடியது. கடைசியில் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டால் யார் தலையில் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கொட்டலாம் என்பது அவர்களுடைய தொழில் தர்மம்.

அடுத்த மாதம் இன்னும் பெரிய அணிக்கான தேர்வு முகாம் இருந்தது. அதற்கு மாமாவைக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் வீடு முழுக்க அந்த ஒரு நினைப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

டிவியில் அந்தக் கேட்சை ஓட்டியதற்கு மறுநாள் சாயங்காலம் மாமா ஊருக்கு வருவதாக இருந்தது. காலையிலேயே சேனல்காரர்களின் கார் எங்கள் கொட்டகைக்கு முன்னால் வந்து நின்றது. மைக்கோடு ஒருவர், கேமராவோடு ஒருவர். அப்பா மண்டிக்கு லோடு கொண்டு போயிருந்தார். "தம்பி இன்னும் வரலீங்க. வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க, டீ வெக்கறேன்" என்று அம்மா வீட்டுக்குள் போனாள். வந்தவர்களுக்கு டீ கொடுக்காமல் அனுப்ப எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. கொள்ளையடிக்க வந்தவனிடமும் சர்க்கரை போதுமா என்று கேட்போம்.

மைக் வைத்திருந்தவர் என்னிடம் குனிந்தார். "பாப்பா, உங்க மாமா நல்லா கேட்ச் புடிப்பாரா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு தக்காளியைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக் காட்டினேன். "எங்க மாமா கைக்கு வந்தா ஒண்ணக்கூட வுட மாட்டாரு. தக்காளி அழுகினதா இருந்தாத்தான் வேணும்னே வுட்டுடுவாரு."

அவர் முகம் மலர்ந்தது. "வேணும்னேவா? அத மட்டும் இன்னொரு தடவ சொல்லு பாப்பா. கேமராவப் பாத்து, சத்தமா."

"வேணும்னேதான் வுடுவாரு! எங்க வூட்ல எல்லாருக்கும் தெரியும்!"

மைக்கை ஒரு நிமிடம் என் கையில் பிடிக்கக் கொடுத்தார். அதுதான் எனக்குக் கூலி. அம்மா கொண்டுவந்த டீயை நின்றபடியே குடித்துவிட்டு, "வரோம்க்கா" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலச் செய்தியில் நான் வந்தேன். மாமா அப்போதுதான் வந்து பையை இறக்கி வைத்திருந்தார். டிவியில் தக்காளியைக் காணோம், அழுகலைக் காணோம். சிவப்பு வட்டத்துக்குள் மாமாவின் கை, பக்கத்தில் என் முகம். "வேணும்னேதான் வுடுவாரு! எங்க வூட்ல எல்லாருக்கும் தெரியும்!" கீழே, 'ரகசியத்தை உடைத்த குடும்பம்.'

நான் கைதட்டினேன். "மாமா, பாத்தீங்களா, நானு!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார். மாமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் மச்சான், கொழந்த அது" என்றவர், என் பக்கம் திரும்பி, "டிவில நல்லாருக்க கண்ணு" என்றார். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாளில், முகாமுக்கு வர வேண்டாம் என்று போன் வந்தது. பிறகு கிரிக்கெட் சங்கத்தில் விசாரித்தார்கள். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று காகிதமும் கொடுத்தார்கள். அதற்குள் முகாம் முடிந்து இடமெல்லாம் நிரம்பியிருந்தது. அந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்ல அதே சேனலுக்கு ஓர் ஆறு நொடி கிடைக்கவே இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளையின் பேச்சை வெட்டி, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு போனவன், எங்கள் வீட்டு டீயையும் குடித்துவிட்டுத்தான் போனான். அவன் மேல் எனக்கிருக்கும் கோபம் வயதோடு வளர்கிறதே தவிரக் குறைகிற வழியாக இல்லை.

செய்தி வந்த மறுநாள் காலை, மாமா வழக்கம்போல் கொட்டகையில் வந்து நின்றார். அம்மா வெளியே வரவில்லை. நான்தான் வீசினேன். டிவியில் வந்த தெம்பு எனக்கு. அவரைச் சோதித்துப் பார்க்க, நன்றாக அழுகின ஒன்றைப் பொறுக்கி எடுத்து வீசினேன். விரலை விரிப்பார் என்று பார்த்தேன். விரிக்கவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். பழம் உடைந்து பனியனெல்லாம் வழிந்தது.

"அழுகினது மாமா! வுட்டிருக்கணும்!" என்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

"அடுத்தது போடு கண்ணு" என்றார்.

போட்டேன். நான் பொறுக்கிப் பொறுக்கி வீசிய அழுகலில் ஒன்றைக்கூட அன்று அவர் கீழே விடவில்லை. மாமா ஏதோ புது விளையாட்டு கண்டுபிடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றும் விழாமல் ஆடு கத்திக்கொண்டே இருந்தது. எனக்கு அந்த ஆட்டை நினைத்துத்தான் பாவமாக இருந்தது.