சுருங்காத இரும்பு

எங்கள் தெருவில் சூசைநாதன் அண்ணனைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்ல மாதிரியாகத்தான் சொல்வார்கள். அவருடைய ஜீப்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நான் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில்தான். ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்தால் தினமும் அந்த ஜீப்பின் முகத்தில்தான் முழிக்க வேண்டும். ஆகவே உள்ளதைச் சொல்ல எனக்கு முழு உரிமை இருக்கிறது.

அண்ணனுக்கு வேலை செராமிக் பேட்டையில். அச்சு செய்பவர். விளக்கோ பொம்மையோ, எதுவானாலும் முதலில் அவர் கையால் பாரிஸ் சாந்தில் அச்சாக வேண்டும். அதற்குப் பிறகுதான் மண் ஊற்றி எடுத்துச் சூளைக்கு அனுப்புவார்கள். அவர் மனைவி அன்னமேரி அக்காவும் அதே யூனிட்தான். பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவர்.

"அவரு இல்லன்னா பொம்மைக்கு மூக்கு இல்ல, நான் இல்லன்னா கண்ணு இல்ல சம்சாத்து" என்று என்னிடம் பெருமையாகச் சொல்வார். மூக்கும் கண்ணும் ஒற்றுமையாகக் குடித்தனம் நடத்திய வீட்டில் நடுவில் வந்து சேர்ந்ததுதான் இந்த ஜீப்பு.

கம்மாபுரம் பக்கம் சுரங்க வேலைக்கு ஆள் ஏற்றி ஏற்றி ஓய்ந்துபோன வண்டி அது. அண்ணன் அதை வீட்டுக்கு ஓட்டிவந்த அன்று அக்கா அவரோடு பேசவில்லை. அவரிடம் பேச வேண்டியதையெல்லாம் மதிலோரம் வந்து என்னிடம் பேசினார். "இந்த வண்டியில நான் காலு வெச்சா என்னான்னு கேளு" என்று அன்றைக்குச் சபதம் போட்டவர்தான். சேத்தியாத்தோப்புக்குச் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனாலும் அண்ணன் ஜீப்பில், அக்கா பின்னால் பஸ்ஸில். பஸ்தான் முதலில் போய்ச் சேரும்.

ஆனால் அந்த வண்டிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். ஒரு வருஷம் எங்கள் தெருக்கோடி அந்தோணியார் கோயில் தேர்பவனி அன்று கோடை மழை கொட்டித் தீர்த்தது. அந்தோணியாரை ஏற்றிக்கொண்டு வந்த டிராக்டர் களிமண்ணில் புதைந்து நின்றுவிட்டது. அண்ணன் ஜீப்பைக் கொண்டுவந்தார், சொரூபத்தை அதற்கு மாற்றினார்கள், சேற்றை உழுதுகொண்டு ஜீப்பு கோயில் வாசலில் போய் நின்றது. அதிலிருந்து வருஷா வருஷம் அந்தோணியாருக்கு அந்த ஜீப்புதான்.

அந்த ஒரு நாள் அண்ணன் முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து ஸ்டியரிங்கைப் பிடிப்பார். மற்ற நாளெல்லாம் எந்த வரிசையிலும் கடைசியில் நிற்கிற மனிதர். ரேஷன் கடையில் யார் குறுக்கே புகுந்தாலும் "போங்க, போங்க" என்று வழிவிடுவார். அந்தச் சாயங்காலம் மட்டும் ஊரே அவருக்குப் பின்னால் நடக்கும். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் முதுகு நிமிர்ந்திருப்பதை வைத்து நானே தெரிந்துகொண்டதுதான்.

போன வருஷம் அந்த முதுகு உடைந்தது. பவனி தெருமுக்கைத் தாண்டி வேகத்தடையில் ஏறி இறங்கியதும் ஜீப்பின் பின்புறத் தளம் பொத்துக்கொண்டது. அந்தோணியார் முழங்கால் வரைக்கும் உள்ளே இறங்கிவிட்டார். கையில் குழந்தை இயேசுவோடு, முகத்தில் துளிக் கோபமில்லாமல், அப்படியே நின்றார். தொலைந்துபோன பொருளைத் தேடித் தருகிறவர் என்று எங்கள் பள்ளிவாசல் ஆட்கள்கூட அவரிடம் போய் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். "ஜீப்போட தளத்தைத் தேடிக்கிட்டு அவரே எறங்கிட்டாரு" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். அண்ணன் மட்டும் ஸ்டியரிங்கை விட்டு இறங்கவே இல்லை.

இந்த வருஷம் திருவிழாக் கமிட்டி கூடி, ஹாலோபிளாக் வியாபாரம் செய்கிற பிரின்ஸின் புது மினி லாரியில் சொரூபத்தை ஏற்றலாம் என்று முடிவு செய்தது. அண்ணன் பங்குச் சாமியாரிடம் போய் நின்றார். சாமியார் இளகிய மனசுக்காரர்.

"கொடியேத்தத்துக்குள்ள புதுசா தளம் போடுங்க சூசை. கமிட்டிக்காரங்க எல்லாரும் மேல ஏறிப் பார்க்கட்டும். தாங்குச்சின்னா அந்தோணியாரு உங்க வண்டியில வருவாரு. இல்லன்னா பிரின்ஸு வண்டிதான்" என்று சொல்லி அனுப்பினார்.

அண்ணன் வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "அந்தோணியாரு ஏறாத வண்டி எனக்கு எதுக்கு? தாங்கலன்னா காயலான் கடையில போட்டுடுறேன்."

அக்கா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மறுநாளே வேலை ஆரம்பமாயிற்று. உளியும் சுத்தியலும் வைத்து அவர் பழைய தளத்தைப் பெயர்த்த சத்தத்தில் நான் ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு இடது கை தைத்துவிட்டேன். தளத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அண்ணனே விரித்திருந்த ரப்பர் பாயைத் தூக்கினால், அடியில் தண்ணீர் தேங்கி, எப்போதோ ஏற்றிய மூட்டையிலிருந்து சிந்திய நெல் முளைத்திருந்தது. தண்ணீர் வடிகிற ஓட்டைகளையெல்லாம் பேட்டைக் களிமண் அடைத்திருந்தது. துருவைக் கூட்டி அள்ளினால் ஒரு சாக்கு. கடைசியில் அடியில் குறுக்குச் சட்டங்கள் மட்டும் மிஞ்சின. அவற்றின் நடுவே எங்கள் பூனை படுத்துத் தூங்கியது. துபாயிலிருக்கும் என் வீட்டுக்காரர் கனி போனில் முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம், "நீ எப்பிடி இருக்கே" என்று கேட்பதற்கு முன்னால் "ஜீப்ப காட்டு" என்பார்.

அண்ணன் டேப்பை வைத்து நாலு பக்கமும் அளந்துகொண்டார். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பேட்டையிலேயே உட்கார்ந்து, பெரிய அட்டையில் தளத்தை வரைந்து வெட்டினார். சக்கர மேட்டுக்கு இரண்டு பக்கமும் வளைவு, ஓரத்தில் மடிப்பு, போல்ட்டுக்கு ஓட்டை என்று ஒன்று விடவில்லை. அட்டையை நேரே வெல்டிங் பட்டறை நிலவனிடம் கொடுத்தார். நிலவன் கெட்டித் தகட்டை வெட்டி, மடித்து, ஓட்டை போட்டுக் கொண்டுவந்து இறக்கினான். பார்க்க லட்சணமாக இருந்தது. தூக்கி வைத்தார்கள். உட்காரவில்லை.

தட்டிப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், நிலவன் மேலே ஏறிக் குதித்தும் பார்த்தான். எந்தப் பக்கம் வைத்தாலும் தகடு பெரிதாகவே இருந்தது. ஒரு போல்ட் ஓட்டைகூடச் சட்டத்து ஓட்டையோடு சேரவில்லை.

"நீங்க குடுத்த அட்டதாண்ணே. ஒரு நூலு மாத்துல" என்று நிலவன் தலையிலடித்துச் சத்தியம் செய்தான்.

அப்போது அன்னமேரி அக்கா உள்ளேயிருந்து வந்தார். தகட்டைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, "ஏங்க, எந்த ஸ்கேல வெச்சி வரைஞ்சீங்க?" என்று கேட்டார்.

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் நிற்கவில்லை. எனக்கு ஒன்றும் விளங்காமல் மதிலைத் தாண்டிப் போனேன். அக்காதான் மூச்சு வாங்கிக்கொண்டு விளக்கினார். மண் சூளையில் வெந்தால் பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடுமாம். அதனால் அச்சு செய்கிறவர்களிடம் தனியாக ஒரு ஸ்கேல் இருக்குமாம். அதில் ஒரு அடி என்பது உண்மையான அடியைவிடக் கொஞ்சம் நீளம். அந்த ஸ்கேலில் வரைந்தால், வெந்து சுருங்கி வரும்போது சரியான அளவு நிற்கும். இத்தனை வருஷப் பழக்கத்தில் அண்ணன் கை அந்த ஸ்கேலைத்தான் எடுத்திருக்கிறது.

"இரும்ப சூளையில வெச்சி எடுப்பாருன்னு நெனைக்கிறேன்" என்று சொல்லி அக்கா மறுபடியும் சிரித்தார். ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் தகட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். புதுத் தகடு வாங்கிச் செய்ய நேரமில்லை. கொடியேற்றம் அந்த ஞாயிற்றுக்கிழமை.

"ஓரத்த வெட்டிடலாமே" என்றேன்.

"ஓரத்துலதான் மடிப்பு, வளைவு எல்லாம் இருக்குது. அத வெட்டுனா ஒண்ணுத்துக்கும் ஆவாது" என்றான் நிலவன்.

இங்கேதான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஓரமெல்லாம் ஆரி வேலை செய்த ஜாக்கெட் பெரிதாகிவிட்டால் நாங்கள் ஓரத்தைத் தொடமாட்டோம். நடுமுதுகில் பிடித்துத் தைப்போம். "நடுவுல புடிங்கண்ணே. நீளத்துக்கு ஒரு பட்ட, அகலத்துக்கு ஒரு பட்ட வெட்டி எடுத்துட்டு, மிச்சத்த சேத்து ஒட்டுங்க. ஓரம் தானா உள்ள வந்துடும்" என்றேன்.

நிலவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு சாக்கட்டியை எடுத்தான். அன்று பொழுது சாய்வதற்குள் தகடு நாலு துண்டாகி, மறுபடியும் ஒன்றாகி, ஜீப்புக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒட்டின இடத்துக்கு அடியில் கனத்த பட்டை கொடுத்து நன்றாக இறுக்கினான். அகலத்து ஒட்டு மட்டும் நடுவில் வராமல், பலத்துக்காக முன்பக்கச் சட்டத்தின் மேலேயே வருகிற மாதிரி பார்த்துக்கொண்டான். போல்ட்டுக்குப் புதிதாக ஓட்டை போட்டார்கள். பழைய ஓட்டைகள் அப்படியே இருந்தன. "இருக்கட்டும், தண்ணி போவும்" என்றார் அண்ணன். அனுபவப்பட்டவர். மறுநாள் சாம்பல் நிறத்தில் பெயின்ட் அடித்தார்.

பெயின்ட் காய்ந்த பிறகு நான் மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போனேன். தற்செயலாகக் கீழே பார்த்தேன். புடைத்து நின்ற அந்த இரண்டு ஒட்டும் சேர்ந்து, ஜீப்பின் தளம் நிறைய ஒரு பெரிய சிலுவை. நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கமிட்டி முழுவதும் கோயில் வாசலில் நின்ற ஜீப்பைச் சுற்றி வந்து நின்றது. சாமியார் வந்தார். பிரின்ஸ் வந்தான். வேடிக்கை பார்க்க நானும் போனேன். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அதைப் பொருட்படுத்தாமல் தரையில் படுத்து ஜீப்புக்கு அடியில் நகர்ந்துபோனார்.

"நீங்க எல்லாரும் மேல ஏறுங்க. வுழுந்தா என் மேல வுழட்டும்" என்றார்.

பிரின்ஸ்தான் முதலில் காலைத் தூக்கினான். தூக்கிய காலை அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தான். "ஐயோ, சிலுவைங்க!" என்று காலை இழுத்துக்கொண்டான். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

"வெல்டிங்குதானப்பா" என்றார் சாமியார்.

"அப்ப நீங்க ஏறுங்க ஃபாதர்."

சாமியார் செருப்பைக் கழற்றினார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"ஏறிட்டீங்களா?" என்று கீழேயிருந்து அண்ணனின் குரல் வந்தது. எல்லோரும் பிரின்ஸைப் பார்த்தார்கள்.

பிரின்ஸ் கெட்டவனில்லை. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "ஆளு ஏறிப் பாக்க முடியாத வண்டியில அந்தோணியார எப்பிடி ஃபாதர் ஏத்துறது? போன வருசம் மாதிரி ஆயிட்டா?"

"தாங்குதா? யாராச்சும் சொல்லுங்களேன்" என்று மறுபடியும் கீழேயிருந்து குரல். ஊரில் எத்தனையோ யோசனை இருக்க, நான் ஏன் இந்த யோசனையைச் சொல்லித் தொலைத்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அந்த மனுஷன் வெள்ளைச் சட்டையோடு மண்ணில் படுத்துக் கிடக்கிறார். மேலே ஒரு கால் விழவில்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அன்னமேரி அக்கா வந்தார். செருப்பை உதறினார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலே வைக்கமாட்டேன் என்று சபதம் போட்ட அதே ஜீப்பில் கம்பியைப் பிடித்து ஏறினார். சிலுவையின் அடியில் மண்டியிட்டார்.

"சிலுவை மேல நிக்கத்தான் கூடாது. முட்டி போட யாருங்க வேணான்னது? ஏறுங்க எல்லாரும்" என்றார்.

கமிட்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெரிய மீசை வைத்த பொருளாளர் முதலில் ஏறி மண்டியிட்டார். பின்னாலேயே ஒவ்வொருவராக ஏறினார்கள். பிரின்ஸ் ஏறினான். இடம் போதாமல் ஒருவர் முழங்கை மற்றவர் விலாவில் இடித்தது. கடைசியில் சாமியாரும் ஏறினார். மண்டியிட்டுவிட்டுச் சும்மா இருந்தால் நன்றாக இருக்காதே என்று ஒரு ஜெபத்தையும் ஆரம்பித்தார். அத்தனை பேரும் ஜீப்புக்குள் முழங்காலில் நின்று ஜெபம் சொன்னார்கள். ஸ்பிரிங் முனகியது. தளம் அசையவில்லை.

ஜெபம் முடிந்தது. பிரின்ஸ் தளத்தை உள்ளங்கையால் ஓங்கித் தட்டிப் பார்த்து, "அந்தோணியாரு இதுலயே வரட்டும் ஃபாதர்" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். கீழேயிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை.

அக்கா குனிந்தார். அவர் முழங்காலுக்குப் பக்கத்திலேயே அளவு தப்பிப்போன பழைய போல்ட் ஓட்டை ஒன்று இருந்தது. அதில் கண்ணை வைத்துப் பார்த்தார். நான் ஜீப்பை ஒட்டி நின்றதால் பேசியது எனக்கும் கேட்டது.

"ஏங்க, அழுவுறீங்களா?"

"ச்சே, இல்ல. கண்ணுல துரு வுழுந்துடுச்சி."

அக்கா ஓட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகக் கேட்டார்.

"புதுத் தகட்டுல ஏதுங்க துரு?"