எஃபியின் இரண்டு ஜன்னல்கள்

கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே எஃபி ஜன்னல் பக்கம் போய்விடுவாள். சட்டத்தின் அடியில் உள்ளங்கையை வைத்து இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை மெல்ல நகர்த்துவாள். எங்காவது கொஞ்சம் காற்று வந்தால் போதும், நேற்றைய செய்தித்தாளைக் கிழித்து மடித்து, வெண்ணெய் தடவும் கத்தியால் இடுக்கில் குத்தித் திணிப்பாள். "சனியன், எந்த வழியாத்தான் வருதோ" என்று காற்றை ஒரு பாட்டம் திட்டுவாள். அதற்கப்புறம்தான் கோட்டு, தொப்பி, காலை வணக்கம் எல்லாம்.

எங்கள் அகராதி அலுவலகத்தில் சட்டம் என்று ஏதாவது இருந்தால் அது இதுதான்: மேஜைமேல் சீட்டு இருக்கும்போது ஜன்னல் திறக்கக் கூடாது. பழைய ஸ்காட்ஸ் மொழியில் எழுதப்பட்ட நீதிமன்றப் பதிவு, பிரபுவின் கடிதம், மளிகைக் கணக்கு, பாதிரியின் பிரசங்கம் என்று எதிலெல்லாம் ஒரு சொல் வருகிறதோ அந்த வாக்கியத்தை ஒரு சீட்டில் எழுதி வைத்திருப்பார்கள். ஒரு வினைச்சொல்லை எடுத்தால் அதன் சீட்டுகளையெல்லாம் நீள மேஜையில் பரப்பி, ஒரு பொருளுக்கு ஓர் அடுக்கு என்று பிரிக்க வேண்டும். எனக்கு முந்திய காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் வெக்கை தாங்காமல் ஜன்னலைத் தூக்கிவிட, ஒரு வினைச்சொல் முழுக்கப் பறந்து சந்தில் இறங்கிவிட்டதாம். பேராசிரியர்கள் குதிரைவண்டிக்கு நடுவே ஓடினார்களாம். கசாப்புக் கடைக்காரன் ஒரு சீட்டை ரத்தக்கறையோடு கொண்டுவந்து கொடுத்தான் என்பார்கள். மீதி போனது போனதுதான். அந்தச் சொல் எது என்று கேட்டால் இன்றைக்கும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஆகவே ஜூன் மாதத்திலும் அவிந்துபோய் உட்கார்ந்திருப்போம். அறையின் வெப்பக் குழாய் வேறு எப்போதோ திறந்த நிலையில் துருப்பிடித்துவிட்டது. எஃபி கம்பளிச் சட்டையைக் கழற்றி, கைப்பட்டியை மடித்துவிட்டு, நெற்றியைத் துடைத்தபடி சீட்டுகளைப் பிரிப்பாள். ஒவ்வோர் அடுக்கின் மேலும் போர்ட்டோபெல்லோ கடற்கரையில் பொறுக்கிய ஒரு கூழாங்கல். கற்களை யாராவது இடம் மாற்றினால் அன்றைக்கு அவர்களுக்கு டீ கிடையாது.

அவளுக்கு வாய்த்த வினைச்சொல் 'பைட்'. அந்தக் காலத்து எழுத்தர்களுக்கு எழுத்துக்கூட்டில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஒரே ஆள் ஒரே தாளில் மேலே ஒரு விதமாகவும் கீழே வேறு விதமாகவும் எழுதிவிட்டுப் போயிருப்பான். அது பழகிவிடும். உயிரை வாங்குவது பொருள்தான். காத்திருப்பதும் 'பைட்', தங்குவதும் 'பைட்', ஒரு வீட்டில் குடியிருப்பதும், எதிரி வரட்டும் என்று நகராமல் நிற்பதும், வலியைப் பொறுத்துக்கொள்வதும் அதுவேதான். நம்முடைய 'இரு' பார்க்கிற வேலையில் பாதிக்குமேல் இதுவும் பார்க்கிறது. அதனால் எனக்கு இந்தச் சொல்மேல் ஒரு பாசம் உண்டு. பிரிக்கச் சொன்னால் நானும் விழி பிதுங்குவேன்.

எஃபி டல்கலீஷுக்கு அறுபது நெருங்குகிறது. இத்தனை வருஷமாக மற்றவர்கள் எழுதியதற்குப் பிழை பார்த்தாள்; 'அங்கே காண்க, இங்கே காண்க' சரிபார்த்தாள்; ஓடை, உழவுக் கருவி, ஆட்டு நோய் என்று சின்னச் சின்னப் பெயர்ச்சொற்களுக்குப் பொருள் எழுதினாள். அவளுக்கென்று கொடுத்த முதல் பெரிய வினைச்சொல் இது. இதற்காக அவள் எங்கேயும் பீற்றிக்கொண்டதில்லை. ஆனால் சொல் கைக்கு வந்த அன்று எல்லோருக்கும் பேஸ்ட்ரி வாங்கிவந்தாள். அலுவலகத்தில் அவள் காசு செலவழித்து நான் பார்த்தது அது ஒரு முறைதான்.

சாயங்காலம் ஐந்தடித்தால் கதை தலைகீழ். எஃபியின் வீடு கோர்கியில், மதுவாலை வாடை வீசும் தெருவில், மூன்றாம் மாடி. கதவைத் திறந்து உள்ளே போனதும் கோட்டுப் பொத்தானை இன்னும் ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொள்வாள். காரணம் அவள் புருஷன் வாட்டி. சுரங்கத்தில் நிலக்கரி வெட்டிய மனுஷன். கரித்தூள் நெஞ்சுக்குள் குடியேறிவிட்டது. மூச்சு வேண்டுமானால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பனி கொட்டினாலும் திறந்திருக்க வேண்டும். மேலே தூக்கித் திறக்கிற ஜன்னல் அது; அதைத் தாங்கும் கயிறு அறுந்து நெடுங்காலம் ஆயிற்று. தூக்கி, அடியில் வாட்டியின் பழைய சாப்பாட்டு டப்பாவை முட்டுக் கொடுத்து வைத்திருப்பார்கள். சுரங்கத்துக்கு ரொட்டி கொண்டுபோன தகர டப்பா. அதை எடுத்தால் ஜன்னல் தடாலென்று விழுந்து மூடிக்கொள்ளும்.

ஒரு முறை எனக்கு அங்கே இரவுச் சாப்பாடு. கைமாவும் மசித்த உருளைக்கிழங்கும். கோட்டு, கழுத்துத்துணி, விரல் நுனி வெட்டிய கையுறையோடு உட்கார்ந்து சாப்பிட்டோம். தட்டில் விழுந்த குழம்பு, கரண்டியை எடுப்பதற்குள் உறைந்துவிட்டது.

"அங்க வேகுறேன், இங்க உறையுறேன்" என்றாள் எஃபி. "என்னைக்காவது ஒரு நாள் மனுஷி மாதிரி இதமா உக்காரணும்னு ஆசைடி எனக்கு. வேற ஒண்ணும் வேணாம்."

"என்னைக் குழிக்குள்ள வச்சிட்டு வந்து உக்காரு புள்ள" என்றான் வாட்டி. "ஜன்னலை இறுக்கி ஆணி அடிச்சிடு."

"அடிக்கத்தான் போறேன். சுத்தியல் எங்க வச்சே?"

அவர்கள் கொஞ்சுவது அப்படித்தான்.

அவளுக்கு விளங்காத சீட்டுகளை எழுதிக்கொண்டுவந்து வாட்டியிடம் வாசித்துக் காட்டுவது வழக்கம். அலுவலகத்தில் அவற்றுக்குத் 'தகராறு அடுக்கு' என்று பெயர். அதன்மேல்தான் இருப்பதிலேயே பெரிய கல். அன்றைக்கு ஒரு பழைய ஊர்ப் பதிவு. கொள்ளைநோய் வந்து வீட்டுக் கதவை அடைத்துவிட்டார்கள். மனைவி வெளியேறலாம் என்றும் சொன்னார்கள். அவள் போகாமல் புருஷனோடு 'இருந்தாள்'.

"தங்கினாளா, பொறுத்துக்கிட்டாளா?" என்று கேட்டாள் எஃபி. "எந்த அடுக்குல போடட்டும்?"

வாட்டி இருமி முடித்துவிட்டுச் சொன்னான்: "அவகிட்டயே கேட்டாலும் தெரியாது. கஞ்சிப் பானை தேச்சுக்கிட்டு இருந்திருப்பா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எஃபி சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டுவந்த தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இந்த வசந்தத்தில் வாட்டிக்கு உடம்பு இன்னும் மோசமானது. டாக்டர் மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். "நான் இங்கதான் இருப்பேன்" என்றான் வாட்டி. அதோடு பேச்சு முடிந்தது. எஃபி லீவு கேட்டாள். அச்சகமோ கழுத்தில் கத்தியை வைத்திருந்தது. தலைமை ஆசிரியர் டாக்டர் கின்லாக் நல்ல மனுஷர், ஆனால் எப்போதும் தூக்கம் போதாதவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மிஸஸ் டல்கலீஷ், வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க சொல் முடிஞ்சு வரலைன்னா பிரிங்கிள்கிட்ட கொடுக்கணும். எனக்கு வேற வழி தெரியல."

பிரிங்கிளைப் பற்றி ஒரு வரி போதும்: எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அரைப் பக்கத்தில் முடித்துவிடுவார். 'இருத்தல், காத்திருத்தல், பொறுத்தல்' என்று மூன்றே வரி, மற்றதெல்லாம் குப்பை. எஃபி நாற்காலியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிப் பாதத்தைப் பிசைந்துகொண்டாள். அன்று காலையில் பொதுப் படிக்கட்டைக் கழுவும் முறை அவள் வீட்டுக்கு. மூன்று மாடிப் படியையும் கழுவிவிட்டு வந்திருந்தாள்.

"என் கையை விட்டுப் போச்சுன்னா போகட்டும்" என்றாள் என்னிடம், கின்லாக் போனபிறகு. பிறகு, "போகக் கூடாதுடி" என்றாள். அதுவரை அவள் கண் கலங்கி நான் பார்த்ததேயில்லை. 

சீட்டு இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது இரண்டாவது சட்டம். அன்று மாலை கின்லாக் தாமே 'பைட்' சீட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, கீழே வந்தார். டாக்சியில் எஃபியின் மடிமேல் வைத்தார். "நான் ஒண்ணும் பார்க்கல" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். இதில் ஒரே ஒரு கோளாறு. யாருக்கும் கற்களின் ஞாபகம் வரவில்லை.

அந்த வாரம் முழுக்க, திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில், சமையலறை மேஜைமேல் எஃபி வேலை பார்த்தாள். அடுக்குகளின்மேல் தட்டு, கோப்பை, ஜாம் பாட்டில், இஸ்திரிப் பெட்டி. தெருவில் பெரிய பஸ் போனால்கூட ஓரங்கள் படபடக்கும். ஒரு கையால் அமுக்கிக்கொண்டு ஒரு கையால் எழுதினாளாம். "ஒரு அடுக்கைத் தூக்குறதுக்குள்ள ரெண்டு கலையுது. என் தலையெழுத்து" என்று போனில் புலம்பினாள். பின்னாலிருந்து வாட்டி இருமுவது கேட்டது.

வியாழக்கிழமை மாலை, எனக்கு மனசு கேட்கவில்லை. கூழாங்கற்களையெல்லாம் கோட்டுப் பைகளில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மூன்று மாடி ஏறுவதற்குள் தொடையெல்லாம் கல் இடித்து வலி எடுத்துவிட்டது. எஃபி கதவைத் திறந்தாள். எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. அவள் உடம்பில் கோட்டு இல்லை. அந்த வீட்டில் அவளைக் கோட்டு இல்லாமல் பார்த்ததே இல்லை. கன்னம் சிவந்திருந்தது.

"வா கண்ணு, வா! இன்னிக்கு யோகம்தான் போ. மத்தியானத்துலேர்ந்து காத்தே இல்ல. நான் பால் வாங்கக் கீழ போய்ட்டு வர்றேன், அப்படியே நின்னுபோச்சு!"

மேஜையைக் காட்டினாள். தட்டும் ஜாம் பாட்டிலும் அலமாரிக்குத் திரும்பிவிட்டன. சீட்டுகள் எந்தப் பாரமும் இல்லாமல், அழகாக, அடுக்கடுக்காக இருந்தன. தகராறு அடுக்கில் ஒரே ஒரு சீட்டுதான் மிச்சம். "இது ஒண்ணு முடிஞ்சா காலைல கொண்டாந்து கின்லாக் மேஜைல வச்சிடுவேன். பிரிங்கிளுக்கு அல்வா" என்று சொல்லிவிட்டு, குனிந்து, மறுபடி எழுதத் தொடங்கிவிட்டாள். பள்ளிக்கூடப் பெண்ணைப் போல நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நான் வாட்டிக்கு வணக்கம் சொல்லத் திரும்பினேன்.

ஜன்னலை ஒட்டிய நாற்காலியில், எஃபிக்குப் பின்புறமாக, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் நாற்காலிக் கைப்பிடியை இறுக்கியிருந்தன. உதடு நீலம் பாரித்திருந்தது. தோள் ஏறி ஏறி இறங்கியது, ஆனால் சத்தமே இல்லை. வாயை அகலத் திறந்து, சத்தம் வராமல் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான். தலைக்குப் பின்னால் ஜன்னல் முழுக்க மூடியிருந்தது. மடியில் போர்வை. போர்வைக்கு அடியிலிருந்து தகர டப்பாவின் மூலை எட்டிப் பார்த்தது.

அடப் பாவி மனுஷா என்று எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. அவன் என்னைப் பார்த்தான். கண்ணைச் சிமிட்டினான். ஒரு விரலைக் கைப்பிடியிலிருந்து எடுத்து உதட்டில் வைத்தான். 

நான் வாயைத் திறப்பதற்குள் எஃபி குனிந்த தலையோடு கேட்டாள்: "சொல்லு வாட்டி, கடைசியா கேக்குறேன். அந்தப் பொம்பள தங்கினாளா, பொறுத்துக்கிட்டாளா?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவன் வாட்டி. 

"வாட்டி?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். எஃபி பேனாவை நிறுத்தினாள். திரும்பினாள். அவன் உதட்டைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிவப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"எஃபி, இருங்க, சீட்டு" என்று கத்திக்கொண்டே நான் பையில் கையை விட்டேன். கோட்டுத் துணியில் கல் சிக்கிக்கொண்டது.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போய், ஜன்னலின் அடியில் இரண்டு கையையும் கொடுத்து, ஒரே தம்மில் மேலே தூக்கினாள். கோர்கித் தெருவின் காற்று மொத்தமும் உள்ளே வந்தது. மேஜை கலைந்தது. காத்திருந்ததும் குடியிருந்ததும் எதிர்த்து நின்றதும் எல்லாம் ஒன்றாக எழும்பி, அறையைச் சுற்றி, அடுப்பில் மோதி, அவள் தோளுக்கு மேலாக வெளியே போயின. நான் தரையில் விழுந்து, கைக்கு அகப்பட்ட சீட்டின்மேலெல்லாம் கல்லை வைத்தேன். பித்துப் பிடித்தவளைப் போல வைத்துக்கொண்டே போனேன். வாட்டிக்கு மூச்சு சத்தத்தோடு திரும்பியது. "முட்டாக் கிழவி" என்றான், பாதி வார்த்தையாக. அழுதுகொண்டிருந்தான்.

போர்வைக்குள்ளிருந்து டப்பாவை எடுத்து நீட்டினேன். "முட்டுக் கொடுங்க எஃபி, கை வலிக்கும்."

அவளுக்குக் கேட்கவே இல்லை. சீட்டு ஒன்று பறந்துவந்து அவள் முழங்கையில் ஒட்டி, துடித்து, நழுவி, தெருவுக்குப் போயிற்று. அவள் கண் அந்தப் பக்கம் போகவில்லை. வாட்டியின் வாயையே பார்த்தபடி, கோட்டில்லாமல், இரண்டு கையாலும் ஜன்னலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.