தறியும் கூடவே போன கும்பிடும்

ஆட்டோலூம் என்கிற தானியங்கித் தறிக்குப் பிட்டராக இருப்பவனுக்கு வேலை இரண்டே: ஒரு ஊரில் தறியைக் கழற்றுவது, இன்னொரு ஊரில் மாட்டுவது. கழற்றும் இடத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்பது என்னைப் போல் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சக பிட்டர்களான உங்களுக்குத் தெரியாததா?

இத்தாலியில்

பழைய தறிகளைக் கழற்றி வர முதலாளி என்னை இத்தாலிக்கு அனுப்பினார். ஆர்டரெல்லாம் கூலி குறைந்த நாடுகளுக்குப் போய்விட, அங்கிருந்த மில்லை மூடிவிட்டார்கள். அங்கே மிஞ்சியிருந்த ஒரு தொழிலாளி, நான் போல்ட்டோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, ஸ்பேனரை வாங்கித் தானே கழற்றிக் கொடுத்தார். பிறகு மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்: "உங்கள் ஊரில் எத்தனை வருஷம் ஓடும்?"

மல்லசமுத்திரத்தில்

எங்கள் ஷெட்டில் தறி ஓடிய முதல் நாள் பொட்டு வைத்துத் தேங்காய் உடைத்தோம். ஓட்டியவள் சரசு. அந்தச் சம்பளத்தை நம்பித்தான் மகளை நர்சிங்கில் சேர்த்திருந்தாள். தறியில் இருந்த இத்தாலி கம்பெனிப் பெயர் பிளேட்டை எடுத்துவிடலாமா என்று முதலாளியைக் கேட்டேன். "அது இருக்கட்டுங்க பிட்டரே, நாளைக்கு விக்கறப்ப அதுக்குத்தானுங்க வெல."

விற்றபோது

அந்த நாளும் வந்தது. ஆர்டர்கள் எத்தியோப்பியா பக்கம் போயின. தறிகளையும் அங்கேயே ஒருவர் வாங்கினார். ஓட்டப் பழகுவதற்கு அல்மாஸ் என்ற பெண்ணை எங்கள் ஷெட்டுக்கு அனுப்பினார். தன் வேலையைக் கொண்டுபோகப் போகிறவளுக்குச் சரசுவே கை ஜாடையில் சொல்லித்தந்தாள். எப்படிம்மா மனசு வருகிறது என்று கேட்டேன். "அவ தப்பா ஓட்டுனா தறிதானுங்ணா கெட்டுப்போகும்."

எத்தியோப்பியாவில்

மாட்டப் போனதும் நானே. முதல் ஷிப்டில் பெண்கள் வரிசையாக வந்து, ஸ்விட்சைப் போடுமுன் தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அசந்துபோனேன். சரசு தினமும் செய்ததை, தறி ஓட்டும் முறையில் ஒன்று என்று நினைத்து அல்மாஸ் எல்லாருக்கும் பழக்கிவிட்டிருந்தாள். இதற்கும் தறிக்கும் சம்பந்தமில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் நம்பவில்லை. "சரசு ஒருநாள்கூட இதை விட்டதில்லையே."

ஊர் திரும்பி

சரசு இப்போது நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறாள். மகளின் படிப்பு பாதியில் நின்றுவிட்டது. சிரிப்பாள் என்று நினைத்துத்தான் அந்தக் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. முட்டை அட்டையைக் கீழே வைத்தாள். "இந்த வேல கைய உட்டுப் போயிரக் கூடாதுன்னுதானுங்ணா நான் தெனமும் கும்புட்டது."

அந்த ஊர்ப் பெண்களின் கும்பிடாவது பலித்து, அந்தத் தறிகளைக் கழற்ற என்னை யாரும் கூப்பிடாமல் இருந்தால் சரி.