எல்லாருக்கும் சொந்தமான நரி

தொண்ணூறுகளில் கனடாவில், மில்லிக்கன் பகுதிக் கடைத்தொகுதி ஒன்றில் ஃபோட்டோகொப்பிக் கடை வைத்திருந்தார் ஒருவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, ஒவ்வொரு தாளையும் வாசித்த பிறகுதான் மெஷினில் வைப்பார்.

நான் ஒரு ஜப்பானிய நரிச் சித்திரக்கதையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். வரைந்தவர் இறந்து ஐம்பது வருடமாகிவிட்டது. புதுவருடம் பிறந்தால் கனடாவில் அதை யாரும் அச்சிடலாம். சட்டம் தெரிந்தும் எனக்குப் பயம் போகவில்லை. கொப்பி எடுக்கப் போகும்போதெல்லாம், "ஐயோ, பொலிஸ் வருமோ?" என்று அவரிடம் புலம்புவேன்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை. இனி அது எல்லாருக்கும் சொந்தம்" என்பார்.

தை முதல் கிழமை, தமிழ்க்கடையில் நரி புத்தகமாகக் கிடந்தது. தமிழாக்கம் என்று அவர் பெயர்! ஒன்றை வாங்கிக்கொண்டு அவர் கடைக்கு ஓடினேன்.

"உது துரோகமெல்லோ?"

"எல்லாருக்கும் சொந்தமெண்டால் எனக்கும்தானே அண்ணை?"

வழக்குப் போடும் வெறியில் புத்தகத்தைப் புரட்டினேன். என் வசனம் ஒன்றைக்கூட அவர் களவெடுக்கவில்லை; எல்லாம் அவரே எழுதியது. ஆனால் நரியோடு திரியும் பயந்தாங்கொள்ளி ஆமை, பக்கத்துக்குப் பக்கம் "ஐயோ, பொலிஸ் வருமோ?" என்று புலம்பியது. என்னை அறியாமல் விழுந்து விழுந்து சிரித்துவிட்டேன்.

நான் எழுதிய ஆமை ஒருநாளும் யாரையும் சிரிக்கவைத்ததில்லை. அதைத்தான் அந்த மனிதருக்கு இன்னும் மன்னிக்க முடியவில்லை.